காற்றுக்குக் களஞ்சியம் கண்டவர்

நுழையும்முன்

விளைந்த நெல்லைப் பத்தாயத்தில் சேர்த்துவைத்து, விளைச்சல் இல்லாத காலத்தில் பயன்படுத்துவது நாஞ்சில் நாட்டு உழவர் வழக்கம். வீசும் காற்றையும் அவ்வாறு சேர்த்துவைக்க இயலுமா? 1923ஆம் ஆண்டிலேயே இவ்வினாவை எழுப்பி, நீரைப் பிரிப்பதில் அதற்கு விடை கண்ட அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை அறிவோம்.

நாகர்கோவில் வடசேரியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலை தோவாளையைக் கடந்து ஆரல்வாய்மொழியை அடையும்போது, இருமருங்கிலும் காற்றாலைகள் வானளாவ நிற்பதைக் காணலாம். மலையிடைக் கணவாயின் வழியே விரைந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடித் திங்கள்களில் அவற்றை ஓயாது சுழற்றுகிறது. பருவம் மாறினால் அவற்றின் வேகம் தளர்கிறது. காற்று நம் தேவையறிந்து வீசுவதில்லை. மின்சாரத்தின் தேவையோ காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. இவ்விடைவெளியை நிரப்ப முதன்முதலில் தெளிவான வழி கூறியவர்களுள் ஒருவர் ஜே. பி. எஸ். ஹால்டேன்.

சுரங்கத்தில் கற்ற பாடம்

ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன், நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் உயிரைப் பறிக்கும் வாயுக்களை ஆராய்ந்தவர். ஒருமுறை மகனையும் சுரங்கத்திற்கு அழைத்துச் சென்ற அவர், அவனை நிமிர்ந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகப் பகுதி ஒன்றை ஒப்புவிக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் மூச்சுத் திணறிச் சிறுவன் தரையில் சாய்ந்தான். தாழ்ந்த இடத்தில் மூச்சு மீண்டது. மீத்தேன் காற்றைவிட எடை குறைந்தது; அதனால் மேற்பகுதியில் தேங்கி நிற்கும் என்பதை அவன் உடலே உணர்ந்தது. ஆய்வுக்குத் தன்னுடலையே களமாக்கும் இயல்பு ஹால்டேனிடம் வாழ்நாள் முழுதும் நிலைத்தது.

கணிதமும் செவ்வியல் இலக்கியமும் பயின்ற அவர், அறிவியலில் பட்டம் பெறாமலேயே உயிர்வேதியியலிலும் மரபியலிலும் உலகறிந்த அறிஞரானார். முதல் உலகப்போரில் காயமுற்று, சிம்லாவில் தங்கி உடல்நலம் தேறியபோது இந்தியாவை முதன்முதலாக அறிந்தார்.

கேம்பிரிட்ஜ் உரை

1923ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், முப்பது வயதான ஹால்டேன் கேம்பிரிட்ஜில் அறிவியலின் எதிர்காலம் குறித்து உரையாற்றினார். நிலக்கரி ஒருநாள் தீரும். அப்போது நாடெங்கும் வரிசையாக நிற்கும் உலோகக் காற்றாலைகள் மின்சாரம் தரும் என்றார். காற்று மிகுந்த நாளில் எஞ்சும் மின்சாரத்தை நீரினுள் செலுத்தினால், நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். அவற்றைத் திரவமாக்கி நிலத்தடிக் கலன்களில் சேமிக்கலாம். காற்று ஓய்ந்த நாளில் இரண்டையும் மீண்டும் சேர்த்து மின்சாரம் பெறலாம். புகையோ சாம்பலோ எஞ்சாது. எடைக்கு எடை நோக்கினால் திரவ ஹைட்ரஜன் பெட்ரோலைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் தரும். ஆனால் மிகுந்த இடத்தை அடைக்கும். இக்குறையையும் அவர் மறைக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

நீரை மின்சாரத்தால் பிரிப்பது மின்னாற்பகுப்பு எனப்படும். எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் நேர்மின்வாயில் ஆக்சிஜனும் வெளிப்படும். கன அளவில் அவை 2 : 1 என்னும் விகிதத்தில் அமையும். 9 கிலோகிராம் நீரிலிருந்து 1 கிலோகிராம் ஹைட்ரஜனும் 8 கிலோகிராம் ஆக்சிஜனும் கிடைக்கும்.

உயிர்வளியின் மறுமுகம்

1939ஆம் ஆண்டு தீட்டிஸ் என்னும் பிரிட்டானிய நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்டனர். அதன்பின் ஹால்டேன் மூடிய அழுத்த அறைகளுக்குள் தாமே புகுந்து, மூழ்கிய கப்பலிலிருந்து தப்பும் வழிகளை ஆராய்ந்தார். உயிர் காக்கும் ஆக்சிஜனே மிகுந்த அழுத்தத்தில் நஞ்சாகி வலிப்பை உண்டாக்குவதை அவர் தம்மிடமே கண்டார். அவ்வாறு நேர்ந்த வலிப்பொன்றில் அவருடைய முதுகெலும்பு நசுங்கியது. அந்த வலியை அவர் நெடுநாள் சுமந்தார். ஆயினும் ஆய்வைக் கைவிடவில்லை.

இந்திய மண்ணில்

சூயஸ் கால்வாய்ப் பூசலில் பிரிட்டன் எகிப்தின்மீது படையெடுத்ததைக் கண்டித்து, 1957ஆம் ஆண்டு ஹால்டேன் இங்கிலாந்தை நீங்கி இந்தியா வந்தார். கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். இந்திய உடை உடுத்தினார்; இந்தியக் குடிமகனானார். பின்னர் புவனேசுவரத்தில் மரபியல் ஆய்வகம் அமைத்து இளைஞர்களை வழிநடத்தினார். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. வாழ்ந்தபோது ஆய்வுக்களமான உடல், மறைந்தபின் மாணவர்க்குப் பாடமானது.

தம் கனவு நனவாக நானூறு ஆண்டுகள் ஆகலாம் என ஹால்டேன் கணித்திருந்தார். நூறாண்டு நிறையும் வேளையில், 2023 ஜனவரியில், அவர் தாயகமாக ஏற்ற இந்தியா தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் ஹைட்ரஜன் உண்டாக்குவது அதன் இலக்கு. நீரைப் பிரிக்கச் செலவிடும் மின்னாற்றல் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. ஹைட்ரஜனைத் தேக்கிவைப்பதும் எளிதன்று. இவ்விரு முடிச்சுகளை அவிழ்க்கும் பணி இன்றைய மாணவர்களுக்காகக் காத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. காற்றாற்றலைச் சேமிப்பதன் தேவை குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. தன்னுடலையே ஆய்வுக்களமாக்கிய அறிவியலறிஞர்கள் பற்றிய செய்திகளைத் திரட்டித் தொகுப்பேடு உருவாக்குக.