பேக்கர் துரையும் யானைக் குண்டும்

1821-இல் லண்டனில் பிறந்த ஸர் சாமுவேல் பேக்கர், 1848-இல் இலங்கையின் நுவரெலியாவில் குடியேறினார். யானையைக் கொன்றோர்க்கு ஆங்கில அரசாங்கம் வெகுமதி அளித்த காலம் அது. பேக்கருக்காக 1840-இல் பிரிஸ்டலில் செய்யப்பெற்ற 21 ராத்தல் துப்பாக்கி, 3 அவுன்ஸ் குண்டைச் செலுத்த வல்லது.

குண்டு எத்தனை ஆழம் பாயும் என்பதை அவர் நுணுகி ஆராய்ந்தார். உட்குழிவுள்ள இலேசான குண்டு விரைந்து சென்றாலும், பட்டவுடன் சிதறிப்போகும். கனத்த கெட்டிக்குண்டே எலும்பைத் துளைக்கும் என்று கண்டார். இலங்கையில் பலித்த நெற்றிக்குறி, 1861-க்குப் பின் ஆப்பிரிக்க யானையின் மண்டையோட்டிடம் பொய்த்தது. 1893-இல் அவர் காலமானார்.

அவரது நுண்ணறிவை நாம் மறுக்கவில்லை. ஆழம் பாயாத குண்டு விலங்கை நெடுநேரம் வதைக்குமென்பதும் மெய்யே. எனினும், அத்தீவின் காட்டுயிர்களை விளையாட்டாக மாய்க்கும் உரிமையை அவருக்கு அளித்தது அந்நிய ஆட்சியேயன்றி, அந்நாட்டு மக்களல்லர்.