தமிழில் டாக்டர்களை உருவாக்கிய அமெரிக்கர்

ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருப்பது என்ன வியாதி என்று புரியாமல், கொல்கத்தா காலேஜ் தெரு மெடிக்கல் காலேஜ் வாசலில் நிற்கும் தமிழர் அதை மொழி தெரியாத ஊரில் வந்து பிழைப்பதன் கஷ்டம் என்று நினைக்கலாம். பக்கத்தில் நிற்கும் வங்காளிக்கும் அதே கதிதான். சீட்டு இருப்பது இங்கிலீஷில்.

இதற்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. 1822-ல் கல்கத்தாவில் கம்பெனி சர்க்கார் நடத்தத் தொடங்கிய வைத்தியப் பள்ளியில் பாடம் நாட்டு மொழியில்தான் நடந்தது. 1835-ல் பென்டிங்க் பிரபு அதை மூடிவிட்டு, இங்கிலீஷில் கற்பிக்கும் மெடிக்கல் காலேஜைத் திறந்தார். அத்துடன் வைத்தியச் சொற்கள் சாதாரண மக்களின் காதுக்கு எட்டாமல் போயின.

அந்தப் பள்ளி தொடங்கிய அதே 1822-ல், அமெரிக்காவில் வூஸ்டர் நகரில் பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிரீன். நியூயார்க்கில் டாக்டர் பட்டம் பெற்று, 1847-ல் அமெரிக்க மிஷன் டாக்டராக யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியமும் கற்பித்தார்.

முதலில் அவரும் இங்கிலீஷில்தான் கற்பித்தார். படித்துத் தேறியவர்களில் பலர் கிராமத்தில் தங்கவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவருக்குச் சர்க்கார் உத்தியோகமும் நல்ல சம்பளமும் வேறு ஊர்களில் காத்திருந்தன. ஊரில் காலரா வந்தால் பார்க்க ஆள் இல்லை. தாய்நாடு சென்று, மணம் முடித்து 1862-ல் திரும்பிய கிரீன், இனிப் பாடம் தமிழில்தான் என்று முடிவு செய்தார். மாணவர்கள் துரை வேஷம் போட்டுக்கொள்வதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் கற்பிக்கப் புத்தகம் எங்கே? புத்தகம் எழுதச் சொல் எங்கே? டான்வர்த், சாப்மன் போன்ற தம் மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். மக்கள் வாயில் வழங்கும் சொல் கிடைத்தால் அதையே எடுத்துக்கொண்டார். கத்தி வைத்துச் செய்யும் சிகிச்சை 'இரண வைத்தியம்' ஆயிற்று. ரணம் என்றால் புண் என்பது யாருக்குத் தெரியாது? பிள்ளைப்பேறு பார்ப்பது 'பிரசவ வைத்தியம்'. தமிழில் சொல் கிடைக்காத இடத்தில் வடமொழிக்குப் போனார். அதிலும் அகப்படாவிட்டால் இங்கிலீஷ் சொல்லையே தமிழ் நாக்குக்கு வளைத்தார். கெமிஸ்ட்ரி அப்படித்தான் 'கெமிஸ்தம்' ஆயிற்று.

எல்லாச் சொல்லும் எளிதாக அமைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. உடம்பின் உறுப்புகளை விவரிக்கும் அனாடமிக்கு அவர் வைத்த பெயர் 'அங்காதிபாதம்'. உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்லும் பிசியாலஜிக்குச் 'சுகரணம்'. இன்று தமிழ் படித்தவர்களுக்கே இவை விளங்கா. ஆனால் அன்றைய மாணவன் தமிழில் படித்தான், நோயாளியிடம் தமிழில் பேசினான் என்பதை மறந்துவிடக் கூடாது.

1857-ல் பிரசவ வைத்தியமும், 1867-ல் இரண வைத்தியமும் அச்சாயின. டாக்டர் படிப்புக்கு உலகமெங்கும் பேர்போன கிரேயின் அனாடமி நூல் லண்டனில் முதலில் வெளிவந்தது 1858-ல். 1872-ல் அது 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்துவிட்டது! கிரீனிடம் படித்து வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல்.

இதற்கிடையே 1870-ல் கொழும்பில் சர்க்கார் மெடிக்கல் பள்ளி திறந்தது. அங்கே பாடம் இங்கிலீஷில். கல்கத்தாவில் நடந்தது இலங்கையிலும் நடந்தது. உத்தியோகமும் அந்தஸ்தும் அந்தப் பக்கம் இருக்க, பின்னாளில் தமிழ் வைத்திய வகுப்பு நிலைக்கவில்லை.

உடல்நலம் குன்றி 1873-ல் கிரீன் தாய்நாடு திரும்பினார். ஓய்ந்து உட்காரவில்லை. வூஸ்டரில் இருந்துகொண்டே தமிழ் வைத்திய நூல்களுக்கான வேலையைத் தொடர்ந்தார். கப்பல் தபால்தான் அவருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பாலம். 1883-ல் மனுஷ சுகரணம் வெளிவந்தது.

1884 மே மாதம் காலமானார். கல்லறையில் கல் நாட்டுவதானால், தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று அதில் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வூஸ்டர் இடுகாட்டில் அப்படியே பொறித்திருக்கிறார்கள். மானிப்பாய் ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.