இப்னுல் ஹைதம் மூக்குக் கண்ணாடி செய்யவில்லை

நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருவது இயல்பு. கண்ணின் வில்லை நெகிழ்ச்சியை இழப்பதால் அருகிலுள்ள எழுத்து மங்குகிறது. நான் அணிவது புரொகிரசிவ் கண்ணாடி. மேலே தூரப் பார்வை, கீழே வாசிப்பு, இடையில் கோடில்லாமல் படிப்படியாகக் கூடும் வலு. மூக்குக் கண்ணாடியே இப்னுல் ஹைதமின் கண்டுபிடிப்பு என்று பெருமையோடு பகிரப்படும் பதிவுகள் எனக்கும் வருகின்றன. அவருடைய வாழ்க்கையை வாசித்தால், பெருமைப்பட வேண்டிய விடயம் வேறு என்பது புரியும்.

அவர் கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்தவர். நைல் நதியின் நீரைக் கட்டுப்படுத்தலாம் என்று அவர் கூறியதைக் கேள்வியுற்ற பாத்திமிய கலீபா அல்ஹாகிம், அவரை எகிப்துக்கு வரவழைத்தார். அஸ்வான் பக்கம் சென்று பார்த்தவர், அது சாத்தியமில்லை என்று கண்டு, கலீபாவிடமே அதை ஒப்புக்கொண்டார். பின்னர் கலீபாவுக்கு அஞ்சிப் பைத்தியம் போல நடித்து, 1021இல் அல்ஹாகிம் மறையும்வரை வீட்டுக்காவலில் இருந்தார் என்று இப்னுல் கிப்தி பதிவு செய்துள்ளார். அதன்பின் அல்அஸ்ஹர் பள்ளிவாசலுக்கு அருகில் தங்கி, யூக்ளிட், தொலமி ஆகியோரின் நூல்களைப் பிரதியெடுத்து விற்று, வருடத்துக்கு 150 தீனாரில் சீவித்தார். முதுமையிலும் எழுத்துவேலை செய்த அவருக்கு அணிய மூக்குக் கண்ணாடி இருக்கவில்லை. அது 13ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் இத்தாலியில் தோன்றியது.

அவர் தந்தது கிதாபுல் மனாழிர் என்ற ஏழு பாக நூல். கண்ணிலிருந்து கதிர் புறப்படுகிறது என்று யூக்ளிடும் தொலமியும் கூறியதை அவர் ஏற்கவில்லை. பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவினார். இருட்டறையின் துவாரத்துக்கு வெளியே பல விளக்குகளை வைத்தார். ஒன்றை மறைத்தபோது, உள்ளே அதற்குரிய வெளிச்சம் மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்வதும், ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதும் தெளிவாயின. முன்னோரின் நூலை மதிப்போடு வாசிப்பவரும் அதைச் சோதிக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. தொலமிக்கு எதிரான ஐயங்களைத் தனி நூலாகவே எழுதினார்.

அவரும் தவறினார். பார்வையை உணர்வது கண்வில்லையே என நினைத்தார். அவரது நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பு 1572இல் பாசலில் அச்சானது. அதைப் படித்த கெப்ளர், பிம்பம் விழித்திரையில் விழுவதை 1604இல் விளக்கினார். கண்ணாடி ஏன் உதவுகிறது என்பதும் அதிலேயே விளங்கியது. 1959இல் பிரான்ஸில் பேர்னார்ட் மைத்தெனா உருவாக்கிய வரிலக்ஸ் புரொகிரசிவ் வில்லை விற்பனைக்கு வந்தது.

இந்த நீண்ட சங்கிலியில் அவர் ஓர் உறுதியான கண்ணி. அதற்கு மேல் பொய்ப் பெருமை அவருக்குத் தேவையில்லை. செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஸூரதுல் ஹுஜுராத் எமக்குக் கற்பிக்கிறது. அவரது பெயரில் வரும் பதிவையும் பகிர முன்னர் சரிபார்ப்போம். கேள்வி கேட்கும் பிள்ளையை வகுப்பில் அடக்காமலும் இருப்போம். அவரை நேசிப்பதாகச் சொல்லும் நாம் குறைந்தபட்சம் இதையாவது செய்ய வேண்டும்.