ஆஸ்கர் பர்னாக்

ஜெர்மனி நாட்டின் லினோ என்னும் சிற்றூரில் 1879-ஆம் ஆண்டு பிறந்தவர் ஆஸ்கர் பர்னாக். நுண்பொறி வினைஞராகிய அவர், 1911-இல் வெட்ஸ்லர் நகரில் உருப்பெருக்கிகள் செய்யும் லைட்ஸ் தொழிற்சாலையிற் சேர்ந்தார். இயற்கைக் காட்சிகளைப் படம் எடுப்பதில் அவருக்குப் பெருவிருப்பம் உண்டு. ஆயின், அக்காலத்துப் புகைப்படக் கருவியோ பெரிது. கண்ணாடித் தகடுகளையும் முக்காலித் தாங்கியையும் உடன் சுமத்தல் வேண்டும். இரைப்பு நோயால் வருந்திய பர்னாக்குக்கு அச்சுமை பெருந்துன்பமாயிற்று.

பெரிய தகட்டிற்குப் பெரிய கருவி வேண்டும். படம் சிறிதாயின் கருவியும் சிறிதாகும் என அவர் தெளிந்தார். சிறிய படத்தைப் பின்னர்ப் பெரிதாக்கிக் கொள்ளலாம் அன்றோ? திரைப்படச் சுருளில் 24 மில்லிமீட்டர் உயரமும் 36 மில்லிமீட்டர் அகலமும் உள்ள படம் எடுக்கும் கருவியை 1914-ஆம் ஆண்டளவில் அமைத்தார். 1920-இல் வெட்ஸ்லரை வெள்ளம் சூழ்ந்தபோது அச்சிறு கருவியாலேயே அக்காட்சியைப் படம் பிடித்தார். போருக்குப்பின் நாடு நலிவுற்றிருந்தும், ஆலைத் தலைவர் 1924-இல் துணிந்து இசைந்தார். மறு ஆண்டு அக்கருவி 'லைக்கா' என்னும் பெயருடன் வெளிவந்தது.

1930 முதல் மாற்றிப் பொருத்தும் வில்லைகள் பல தோன்றின; பைகள் மீண்டும் கனத்தன. பர்னாக் 1936-இல் மறைந்தார். கருவி சிறிதாயினும், வேண்டாதவற்றைச் சேர்ப்பவர்க்குச் சுமை குறையாது. வேண்டுவன மட்டும் கொள்வோரே அவர் உழைப்பின் பயனை முழுதும் பெறுவர்.