ஹெலிகாப்டருக்காக 30 வருஷம் காத்திருந்தவர்: யார் இந்த இகோர் சிகோர்ஸ்கி?

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு வளைந்து வளைந்து ஏறியவர்களுக்குத் தெரியும், கல்வராயன் மலையில் விமானம் இறங்க இடமே கிடையாது. ஆனா ஹெலிகாப்டருக்கு ஒரு பள்ளி மைதானம் அளவு சமதளம் போதும். இந்த வசதியை உலகத்துக்குக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் இகோர் சிகோர்ஸ்கி.

யார் இவர்?

1889 மே 25-ல் கீவ் நகரில் பிறந்தவர். அப்பா உளவியல் பேராசிரியர். லியோனார்டோ டாவின்சி பற்றி அம்மா சொன்ன கதைகள்தான் பறக்கும் ஆசைக்கு விதை. சுமார் 12 வயதிலேயே ரப்பர் பேண்டில் சுற்றும் குட்டி ஹெலிகாப்டர் செய்துவிட்டார்.

முதல் முயற்சி என்ன ஆச்சு?

1909-ல் பாரிஸ் போய் 25 குதிரைத்திறன் இன்ஜின் வாங்கி வந்தார். அதை வைத்துச் செய்த முதல் ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்பவே இல்லை. அடுத்த வருஷம் செய்தது எழும்பியது, ஆனா ஆளைத் தூக்கும் பலம் அதற்கு இல்லை. அந்தக் கால இன்ஜின்களால் இது முடியாது என்று புரிந்துகொண்டு விமானம் பக்கம் திரும்பினார்.

அங்கே ஒரு கொசு பாடம் சொல்லிக் கொடுத்தது. கார்புரேட்டரில் கொசு அடைத்து இன்ஜின் நின்றுபோக, அவசரமாகத் தரையிறங்க வேண்டியதாயிற்று. ஒரே இன்ஜினை நம்பக் கூடாது என்று முடிவெடுத்தவர், 1913-ல் நான்கு இன்ஜின் விமானத்தையே பறக்கவிட்டார்.

எல்லாம் போய், மறுபடியும் முதலிலிருந்து!

ரஷ்யப் புரட்சியில் எல்லாவற்றையும் இழந்து, 1919-ல் நியூயார்க் வந்து இறங்கினார். அங்கே வேலை கிடைக்கவில்லை. புலம்பெயர்ந்த ரஷ்யர்களுக்குக் கணக்குப் பாடம் எடுத்துத்தான் பிழைப்பு. 1923-ல் ஒரு கோழிப்பண்ணையில் கம்பெனி தொடங்கினார். பணம் கொடுத்துக் கைதூக்கிவிட்டவர்களில் இசைமேதை ராக்மனினோஃபும் ஒருவர்.

1939 செப்டம்பர் 14. முதல் தோல்விக்கு 30 வருஷம் கழித்து, 50 வயதில், விஎஸ்-300 ஹெலிகாப்டரில் அவரே ஏறி உட்கார்ந்தார். கயிற்றால் தரையோடு கட்டப்பட்டிருந்த அது, சில நொடிகள் எழும்பி நின்றது. 1940 மே மாதம் கயிறு இல்லாமலே பறந்தது.

வாலில் எதற்கு விசிறி?

மேலே உள்ள பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றும்போது, ஹெலிகாப்டரின் உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுப்பதுதான் வாலில் இருக்கும் சின்ன விசிறி. ஒரு பெரிய விசிறி, வாலில் ஒரு சின்ன விசிறி என்று அவர் நிலைநிறுத்திய அமைப்பைத்தான் இன்றும் பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் பார்க்கிறோம்.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

அடுத்து வந்த ஆர்-4 தான் அதிக எண்ணிக்கையில் தயாரான அமெரிக்காவின் முதல் ராணுவ ஹெலிகாப்டர். விசிறி இறக்கைகள்கூட மரச்சட்டத்தில் துணி போர்த்தியவைதான். 1944 ஏப்ரலில், அசாமின் லாலாகாட்டிலிருந்து கிளம்பிய ஒரு ஆர்-4, பர்மா காட்டில் ஜப்பானியப் படைகளுக்கு நடுவே சிக்கிய 4 பேரை மீட்டது. மூன்று பேர் காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள், ஒருவர் அமெரிக்க விமானி. போர்க்களத்தில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பு இதுதான்.

ஆனா அது சுலபமாக நடக்கவில்லை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. உயரம் போகப் போக இன்னும் குறையும். விசிறிக்குப் பிடிமானம் கிடைக்காது, இன்ஜினும் திணறும். அதனால் ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் தூக்க முடிந்தது. நடுவில் இன்ஜின் சூடேறிப்போக, மிச்ச வேலை மறுநாள்தான் முடிந்தது. சித்திரை வெயிலில் மலை மேல் பறக்கும் விமானிக்கு இன்றும் இதே கணக்குதான்: எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள்?

தரையில் நிற்பவர்களின் வேலையும் லேசுப்பட்டது இல்லை. இறக்கைகள் எல்லாம் ஒரே தளத்தில் சுற்றாவிட்டால் ஹெலிகாப்டரே உதறும். கியர்பாக்ஸ் எண்ணெயில் இரும்புத்துகள் தெரிந்தால் உள்ளே தேய்மானம் என்று அர்த்தம். காரணம் தெரியும்வரை பறக்க விடமாட்டார்கள்.

1954-ல் இந்திய விமானப்படைக்கு வந்த முதல் ஹெலிகாப்டரும் சிகோர்ஸ்கியின் எஸ்-55 தான். இன்று அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் கடற்படை ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி எடுக்கிறார்கள்.

1972 அக்டோபர் 26-ல், 83 வயதில் சிகோர்ஸ்கி காலமானார். அவர் உருவாக்கிய இயந்திரம் போரில் குண்டும் சுமந்தது. ஆனா வெள்ளத்தில் மொட்டைமாடியில் நின்று கை காட்டுபவருக்கு, அது கயிறு இறக்கும் கடைசி நம்பிக்கை.