ஏ. எஸ். ராவ்

மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் 1914-ஆம் ஆண்டு பிறந்தவர் அய்யகாரி சாம்பசிவ ராவ். காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும் பயின்றார். பின்னர் டிராம்பே அணுசக்தி நிலையத்தின் மின்னணுப் பிரிவை வழிநடத்தினார். 1956-இல் இயங்கத் தொடங்கிய அப்சரா அணு உலைக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகளை அப்பிரிவே செய்தளித்தது.

அக்காலத்தில் மின்னணுக் கருவிகள் பலவும் அயல்நாடுகளிலிருந்தே வந்தன. அவற்றை வாங்குவதைவிட நாமே செய்யக் கற்பது நன்று என ராவ் கருதினார். 1967-இல் ஹைதராபாத்தில் இ.சி.ஐ.எல். நிறுவனம் தொடங்கப்பெற்றது. ராவ் அதன் மேலாண்மை இயக்குநரானார். ஆய்வுக்கூடத்தில் பெற்ற அறிவு தொழிற்சாலைக்கு வந்தது. கணினிகளும் இல்லங்களுக்கான தொலைக்காட்சிப் பெட்டிகளும் அங்கு உருவாயின.

2003-இல் ராவ் மறைந்தார். இ.சி.ஐ.எல். பணியாளர்களுக்காக எழுந்த ஏ. எஸ். ராவ் நகர், நம் மாநகரில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வினா: கருவிகளை நாமே செய்வதால் விளையும் நன்மைகள் யாவை?