இருட்டுக்குப் பயந்த பையன்

போடிமெட்டு ஏலத்தோட்டங்களில் மேகம் இறங்கிய இரவில் கரண்ட் போனால் உங்களுக்குப் பயமாக இருக்குமா? வெட்கப்படாதீர்கள். குஜராத்தின் போர்பந்தரில் 1869ல் பிறந்த ஒரு பையனுக்கும் அப்படித்தான். பேய், திருடன், பாம்பு எல்லாவற்றுக்கும் பயம். அறையில் விளக்கு எரிந்தால்தான் தூக்கம் வரும். சிறு வயதிலேயே கல்யாணமாகி, மனைவி கஸ்தூர்பா இருட்டில் தைரியமாக நடமாடியபோதும் இவருக்கு நடுக்கம்தான்! அவர்தான் நம் காந்தித் தாத்தா.

பயம் வந்தால் ராமநாமம் சொல் என்று கற்றுக்கொடுத்தவர், வீட்டுப் பணிப்பெண் ரம்பா. சிறுவனோ ராமநாமத்தைவிட ரம்பாவைத்தான் அதிகம் நம்பினான். கொஞ்ச நாளில் விட்டும் விட்டான். ஆனால் பெரியவரான பிறகு, துன்பம் வந்தபோதெல்லாம் அந்த நாமமே அவருக்குத் துணை.

1947ல் 77 வயதில், கலவரம் நடந்த நவகாளி கிராமங்களில் வெறுங்காலோடு நடந்தார். இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது. தினமும் மாலையில் பிரார்த்தனை உண்டு.

1948 ஜனவரி 20. டில்லியில் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தது. எல்லோரும் பதறினர். அவர் அமைதிப்படுத்திவிட்டுக் கூட்டத்தைத் தொடர்ந்தார். வருகிறவர்களைச் சோதிக்கப் போலீசார் அனுமதி கேட்டபோது, கடவுளை நாடும் இடத்தில் அது வேண்டாம் என்று மறுத்துவிட்டார். தனக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் நினைக்கவில்லை, பிள்ளைகளே. உயிர் போகலாம் என்று தெரிந்தேதான், மறுநாளும் அங்கே வந்தார்.

ஜனவரி 30 மாலை, பேச்சு நீண்டதால் பிரார்த்தனைக்குச் சில நிமிடம் தாமதம். அவசரமாக நடந்தார். போகும் வழியில்தான் சுட்டுக் கொல்லப்பட்டார்.